ஏஜெண்ட் கையில் கொடுத்த பணம்

மேச்சேரியில் எங்க தெருவுக்குன்னு ஒரு எல்ஐசி ஏஜெண்ட் மாமா உண்டு. அவரே வீட்டுக்கு வந்து பிரீமியம் வாங்கிட்டுப் போய்க் கட்டுவார். அம்மா உடனே ரசீது கேட்டதே இல்லை. இது சட்டப்படி சரியான்னு தேடினப்போதான் 1997-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணு கிடைச்சது.

1987 ஜூன் மாதம். பிரீமியம் கட்டும் கெடு, கிரேஸ் பீரியட் எல்லாம் முடிஞ்ச பிறகு, ஒரு பாலிசிதாரர் ஏஜெண்டிடம் பேரர் செக் கொடுக்கிறார். ஏஜெண்ட் மறுநாளே அதைப் பணமாக்கிட்டார். எல்ஐசியில் கட்டியதோ ஆகஸ்ட் 10. பாலிசிதாரர் விபத்தில் இறந்தது ஆகஸ்ட் 9!

ஏஜெண்டிடம் கொடுத்தா எல்ஐசியிடம் கொடுத்த மாதிரிதானேன்னு குடும்பம் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்ஐசியின் 1972 ஏஜெண்ட் விதிகளின்படி, தனியாக அனுமதி தரப்பட்டாலொழிய ஏஜெண்டுக்குப் பணம் வசூலிக்கும் அதிகாரம் கிடையாது. அதனால் கட்டும்வரை பாலிசி லேப்ஸ்தான்.

வசூலிக்க அனுமதி பெற்ற ஏஜெண்டுகளும் இப்போ இருக்காங்க. பணம் வாங்கினதும் எல்ஐசி ரசீது தருவாங்க. மத்தவங்ககிட்ட செக்தான் கொடுக்கணும்னா எல்ஐசி பேருக்கு எழுதி, கிராஸ் பண்ணிக் கொடுங்க.

"மாமாவையே சந்தேகப்படுறியா?"ன்னு அம்மாவுக்குக் கோவம். அவர் காய்ச்சல்ல படுத்துட்டாக்கூட நம்ம பணம் அவர் பையிலதாம்மா இருக்கும்னேன்.