அடுப்புக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்!

காஸை விட்டு மின்சார அடுப்புக்கு மாறலாமா என்று யோசிக்காத இல்லத்தரசி இன்று அபூர்வம். எங்கள் வீட்டில் யோசிக்க நேரமே இல்லை. எண்பதைத் தொடும் என் மாமியார், காஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறக்க ஆரம்பித்துவிட்டார். 'இண்டக்‌ஷன்' அடுப்பு வாங்கிவிடுவது என்று தீர்மானித்தோம். கடைக்குப் போகுமுன் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

அவர் சமையல் மேடையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "அம்மா, இங்கே இருக்கறது மிக்ஸிக்கான சின்ன பாயிண்ட். ஆறு ஆம்பியருக்கு மேல தாங்காது. 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும்."

"கன்வர்ட்டர் மாட்டிக்கலாமே?" என்றார் என் கணவர்.

"பிளக் பொருந்தும் சார், உள்ளே ஓடற ஒயர் பொருந்துமா? சூடேறி உருகிடும்."

பாயிண்டைக் கழற்றினால், மூன்றாவது துவாரத்தில் எர்த் கம்பியே இல்லை! பழைய வீடுகள் பலவற்றில் இதே கதைதான். ஈரக் கையும் உலோகப் பாத்திரமும் சேரும் இடத்தில் எர்த் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் இவை:

* மெயின் போர்டிலிருந்து சமையலறைக்குத் தனி லைன். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பாயிண்ட், தனி எம்.சி.பி.

* முறையான எர்த். கூடவே, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.

* பாயிண்ட் குழாயடியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலேயும் கூடாது; ஆவி படும்.

* கீசரும் 2000 வாட் என்றால், இரண்டும் சேர்ந்து 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின்வாரியம் அனுமதித்த பளு போதுமா என்று பாருங்கள். குளியல் முடிந்தபின் சமையல் என்பது எங்கள் வழக்கம்.

* அடுப்பின் அடியில் உள்ள விசிறி காற்றை இழுக்க வேண்டும். பேப்பர், பிளாஸ்டிக் விரிப்பு எதுவும் போடாதீர்கள்.

பாத்திரங்களுக்கு ஒரு சுலபப் பரீட்சை: அடியில் காந்தம் நன்றாக ஒட்டுகிறதா? ஒட்டினால் உதவும். தட்டையான இரும்பு தோசைக்கல் தேறிவிடும். வெறும் அலுமினிய குக்கர், மண்சட்டி, கல்சட்டி, ஈயச் சொம்பு தேறாது.

கரண்ட் செலவா? முழு 2000 வாட்டில் அரை மணி எரித்தால் ஒரு யூனிட். உங்கள் சமையல் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்ட பிறகே இந்த அடுப்பை வாங்குங்கள்.

மின்வெட்டுக்கும், மாமியார் விரும்பும் ஈயச் சொம்பு ரசத்துக்குமாக ஒரு சிலிண்டர் வைத்திருக்கிறோம். ரெகுலேட்டரைத் திறப்பதும் மூடுவதும் என் பொறுப்பு.

ஆகவே சகோதரிகளே, அடுப்பின் விலையோடு ஒயரிங் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டே வேலையை முடியுங்கள்.