மூடுபனியும் புகைப்பனியும்

பனி என்னும் சொல் குளிர், நீர்த்துளி, நடுக்கம் எனப் பலபொருள் தருவது. வானிலையியலாரோ பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் குறைந்தவழியே மூடுபனி என்பர். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் மார்கழி இறுதியிற் கவிவது தனிப்பனியன்று. காற்றடங்கிய இரவில் நிலமும் அதனையொட்டிய காற்றும் குளிர்கின்றன. வெப்பமிக்க மேற்காற்று மூடிபோல் அமைகிறது. கீழே ஆலைப்புகையும் போகிப்புகையும் தேங்க, அவற்றின் துகள்களின்மேற் கடலீரம் படிந்து திவலையாகிறது. ஆதலின் இதனைப் புகைப்பனி எனலே தகும்.

2018 சனவரி 13, போகியன்று, நகரெங்கும் பரந்த இப்படலத்தால் மீனம்பாக்கத்தில் இறங்கவேண்டிய வானூர்திகள் பல வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டன. இதனை வெறும் பனிமூட்டம் என்றெழுதின் பழி பருவத்தின்மேற் செல்லும். டயர் கொளுத்திய கை மறைந்துவிடும். வெயிலேறி நிலம் சூடேறியபின்னரே அம்மூடி கலைகிறது.