கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை: பனை தரும் பலகாரமும் வருமானமும்



குளிர் நாடுகளில் ஆப்பிள் பறிக்கும் காலம் வந்தால் ஊரே விழா கொண்டாடி, வீட்டுக்கு வீடு ஆப்பிள் வைத்துப் பலகாரம் சுடுவாங்க. நம்ம கரிசல் காட்டுல ஆப்பிளுக்கு எங்கே போவது? நமக்குப் பனை இருக்கு. 1978-லேயே தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட மரம்.

பனை வருஷம் முழுக்க ஏதாவது தந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய மாசியிலிருந்து ஆடி வரை பதநீர். கோடையில் நுங்கு. ஆடி, ஆவணியில் பனம்பழம். தணலில் சுட்டுத் தின்றால் தெருவே மணக்கும். கொட்டையைப் புதைத்தால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு. கார்த்திகையில் பதநீர் கிடையாது. ஆனால் கோடையில் காய்ச்சி வைத்த கருப்பட்டி இருக்குமே, அதுதான் அப்போது கைகொடுக்கும்.

திருக்கார்த்திகையே பாதி பனையோட திருவிழாதான். கோயில் முன்னால் பனைமரத் துண்டை நட்டு, ஓலை கட்டிக் கொளுத்துவது சொக்கப்பனை. ஆண் பனையின் பூக்கதிரைக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, மட்டைக்கு நடுவே கட்டி, நெருப்பு வைத்துச் சுற்றினால் பொறி பறக்கும். அதுதான் மாவலி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்த பிறகுதான் சிவகாசியில் தீப்பெட்டியும், பின்னால் பட்டாசும் வளர்ந்தன. அதற்கு முன்னாலேயே நம்ம பிள்ளைகளுக்கு மத்தாப்பு கொடுத்தது பனைதான்!

சரி, கொழுக்கட்டைக்கு வருவோம்.

ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு முக்கால் கிலோ கருப்பட்டி, ஒரு தேங்காய், கால் கிலோ வறுத்த பாசிப்பருப்பு, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். மாவை வெறும் சட்டியில் லேசாக வறுத்துக்கொள்ளணும். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிக் கரைத்து, கட்டாயம் வடிகட்டணும். இல்லாவிட்டால் பல்லில் மண் நெறிக்கும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார். பருப்பை மலராமல் அரைவேக்காடாக எடுத்து, எல்லாவற்றையும் சூட்டோடு பிசையணும். குருத்தோலையைச் சாண் நீளம் நறுக்கி, மடிப்புக்குள் மாவை வைத்து, மேலே இன்னொரு ஓலையால் மூடி, ஓலைக் கிழிசலால் கட்டி, இட்லிப் பானையில் அடுக்கி அரைமணி நேரம் அவித்தால் போதும். ஓலை வாசம் மாவில் இறங்கியிருக்கும். ஒரே மரத்தில் அடிக்கடி குருத்து வெட்டக் கூடாது, மரம் நலிந்துவிடும். ஏறுகிறவரிடம் முதலிலேயே சொல்லி வைக்கணும்.

இதில் ஏமாறுகிற இடம் கருப்பட்டிதான். சுமார் எட்டு, பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கிடைக்கும். விறகும் உழைப்பும் சேர்ந்தால் விலை கூடத்தான் செய்யும். அதனால்தான் சீனிப் பாகு கலந்து சிரட்டையில் ஊற்றி, "ஒரிஜினல்" என்று விற்கிறார்கள். உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனி மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் சந்தேகப்படணும். நல்லது கரும்பழுப்பாக இருக்கும், இனிப்போடு லேசாகக் கரிக்கும், மழைக்காலத்தில் இளகும். 2023-இல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லேயே கிடைத்துவிட்டது. பேர் பெரிசானால் போலியும் பெருகும். தெரிந்த பனையேறும் குடும்பத்திடம் சீசனிலேயே குழுவாகச் சேர்ந்து வாங்கி, ஈரம் படாத பரணில் வைத்துக்கொள்வதுதான் நல்ல வழி. அதற்கு உள்கடன் எடுத்தாலும் தப்பில்லை என்பது எங்கள் கருத்து.

"கருப்பட்டின்னா சுகர்காரங்களும் சாப்பிடலாம்" என்று சொல்லி விற்காதீர்கள். அதுவும் சர்க்கரையைக் கூட்டத்தான் செய்யும்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் சில வாரம் வேலை இருக்காது. நம்ம வீடுகளில் கையில் காசு இல்லாத நாட்கள் அவை. கார்த்திகை அதையொட்டித்தான் வருகிறது. ஒரு கிலோ மாவில் சுமார் 40 கொழுக்கட்டை வரும். பொருள், ஓலை, எரிவாயு எல்லாம் சேர்த்து 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 10 ரூபாய்க்கு விற்றால் போட்ட காசுதான் திரும்பும். நாலு பெண்கள் அரைநாள் உட்கார்ந்து ஓலை கட்டிய கூலி எங்கே? "நாம வீட்ல செய்றதுதானே" என்று நம் உழைப்பை நாமே கணக்கில் விட்டுவிடுகிறோம். கூலியை முதலில் எழுதுங்கள், பிறகு விலை சொல்லுங்கள்.

அவித்த அன்றே விற்றுவிடணும், மிஞ்சியதை மறுநாள் விற்கக் கூடாது. தொடர்ந்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். முதல் வருஷம் முன்கூட்டியே ஆர்டர் வாங்கிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

பனை மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. உங்கள் ஊரில் எத்தனை மரம் நிற்கிறது, ஏறுகிறவர் யார் இருக்கிறார் என்று கேட்டறிந்து, ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்கு எழுதி எடுத்து வாருங்கள். கருப்பட்டி மொத்தமாக வாங்க எந்தெந்தக் குழு சேர்கிறது என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ளலாம்.