கொல்லையில் ஒரு மேட்டுப் பாத்தி

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் வாக்கு. 2021-ம் வருஷம் ஆடி மாதத்தில் நாமும் அவ்விதமே விதைத்தோம். சர்வகலாசாலைப் பட்டம் ஒன்று ஏற்கெனவே நம் கைவசம் இருந்தது. ஆடிப் பட்டமும் சேர்ந்துகொண்டால் காய்கறி தானாகவே விளைந்துவிடும் என்று எண்ணினோம் போலும்! சேலையூருக்குத் தெற்கே உள்ள நம் வீட்டுக் கொல்லையில், 24 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட இடத்தை ஆள் வைத்துக் கொத்தி, கல் பொறுக்கி, தக்காளியும் கத்தரியும் வெண்டையும் தரையிலேயே பயிரிட்டோம். புரட்டாசி முடிவதற்குள் செடிகள் பூத்துக் குலுங்கின. வீட்டிலுள்ளோர் அனைவரும் நம்மைச் சற்று மரியாதையுடன் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஐப்பசி மழை வந்தது. மூன்று நாள் கொல்லையில் ஜலம் தேங்கி நின்றது. நான்காம் நாள் வெயில் எரித்ததும் செடிகளெல்லாம் துவண்டு விழுந்தன. காலடியில் வேண்டிய ஜலம் இருக்கும்போதே, கோடையில் தாகத்தால் வாடுவது போல் வாடிய அந்தக் காட்சியை நாம் எளிதில் மறக்க இயலாது. அந்த நவம்பரிலேதான் சென்னைக் கடைகளில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. காய்க்கத் தொடங்கியிருந்த பதினெட்டுத் தக்காளிச் செடிகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கடைக்குச் சென்று கால் கிலோ வாங்கி வந்தோம்.

செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பயிர் வைத்துப் பழகிய ஒரு பாட்டியம்மாள் அடுத்த வீட்டில் வசிக்கிறார். அவர் மதிலுக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வாத்தியார் ஐயா! நீங்கள் பாத்தி கட்டவில்லை; குளம் அல்லவா வெட்டியிருக்கிறீர்கள்!" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. வேரும் நம்மைப் போல் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையேயுள்ள காற்று வெளியேறி, அந்த இடத்தை ஜலம் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேர் ஜலத்தை உறிஞ்சாது. ஆகவே வெள்ளத்தில் நிற்கும் செடி தாகத்தால் சாகிறது. இதைப் பாடப் புத்தகத்தில் வருஷந்தோறும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தவர்தாம் நாம்!

தாம்பரத்துப் பூமியின் இயல்பையும் நாம் யோசித்துப் பார்க்கவில்லை. வடக்கே பல்லாவரத்தில், லேட்டரைட் என்னும் செந்நிறச் சரளையிலிருந்துதான், 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாகக் கண்டெடுத்தார். அந்தச் சரளையும் அதனடியில் உள்ள கரும்பாறையும் சரித்திரத்துக்குப் பெருமை தரலாம். கத்தரிக்காய்க்கு இடம் தருவதில்லை. கிழக்கே சென்றாலோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கே களிமண்ணும் தேங்கு நீரும். இவ்விரண்டுக்கும் நடுவில் புது மனைகளில், இடித்த கட்டிடத்தின் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கொட்டி நிரப்பியிருப்பார்கள்.

மழையைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. இப்போது நாம் பயிரிடும் 160 சதுர அடி இடத்தில் மட்டும் அன்றைக்கு 7,000 லிட்டருக்கு மேல் ஜலம் விழுந்திருக்கும். இத்தகைய ஊரில் பயிரைத் தரைமட்டத்துக்குக் கீழே வைப்பது அறியாமையன்றோ?

இதற்குப் பரிகாரம்தான் மேட்டுப் பாத்தி. இது புதுமையன்று. மெக்ஸிகோ தேசத்தில் அஸ்டெக் ஜனங்கள் ஏரிச் சேற்றை வாரி மேடாக்கி, நாற்புறமும் ஜலம் சூழ்ந்திருக்க, அதன்மேல் பயிரிட்டார்கள். நம் நாட்டில் 2013-ல் காலஞ்சென்ற கோ. நம்மாழ்வாரின் வழியில் நிற்கும் இயற்கை விவசாயிகள் மேட்டுப் பாத்தியை ஊர் ஊராகப் பரப்பி வருகிறார்கள்.

2022-ம் வருஷக் கோடையில் பாட்டியம்மாளின் மேற்பார்வையில் நாம் செய்த முறை இதுதான். பத்தடி நீளமும் நாலடி அகலமுமாக நான்கு பாத்திகள். நாலடிக்கு மேல் அகலம் கூடாது. இரு பக்கமும் நின்றுகொண்டே நடுப்பகுதியைக் கை எட்ட வேண்டும். பாத்தியின்மேல் கால் வைப்பது மகா பாபம். மிதித்தால் மண் இறுகும். இறுகினால் காற்று போகும். பாத்திகளுக்கு இடையே ஒன்றரை அடி நடைபாதை விட்டோம். மழைக்காலத்தில் அதுவே வாய்க்கால்.

முதலில் அடித்தரையைக் கடப்பாறையால் நெகிழ்த்தினோம். சுற்றிலும் செங்கல்லை ஓரடி உயரத்துக்குச் சிமெண்டு பூசாமல் அடுக்கினோம். இடுக்கு வழியாக ஜலம் வடியும். நான்கு பாத்திகளுக்கும் சேர்த்து 160 கன அடி, அதாவது லாரிக்காரர் கணக்கில் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். அடியில் காய்ந்த சருகு. அதன்மேல் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு கலந்து நிரப்பினோம். மக்காத சாணியைப் போடலாகாது. அதன் சூடு வேரைக் கெடுக்கும். இரண்டு மாதம் தண்ணீர் தெளித்து ஆறவிட்டதில் மண் நாலு விரற்கடை அமுங்கிற்று. மறுபடியும் எரு போட்டு நிரவினோம்.

முதல் தோட்டம் போடுகிறவர்கள் கீரையில் ஆரம்பிப்பதே உசிதம். சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் மூன்று, நான்கு வாரத்தில் குழம்புக்கு வந்துவிடும். வெண்டை விதையை நேராக ஊன்றலாம்; ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் காய் பறிக்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நாற்றுவிட்டு மூன்று, நான்கு வாரம் கழித்துப் பிடுங்கி நடவேண்டும். பாகலும் புடலையும் பாத்தி ஓரத்தில் ஊன்றிப் பந்தலில் ஏற்றலாம். தோல் கெட்டியான பாகல் விதையை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். மேட்டுப் பாத்தி கோடையில் சீக்கிரம் காயும். அது அதன் குற்றம். சருகால் மூடாக்குப் போட்டால் அந்தக் குற்றம் பாதி தீரும். அசுவினி கண்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈர மண் நிறைந்த இத்தகைய பாத்தி ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் கனக்கும்; தளத்தின்மேல் கட்ட வேண்டாம். அவர்களுக்குப் பைகளே ஏற்றவை. தோட்டக்கலைத் துறையார் 2013-14-ல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மானிய விலையில் கொடுத்த 'நீங்களே செய்து பாருங்கள்' தளைகள் அவ்வகையைச் சேர்ந்தவை.

பரீட்சை 2022 டிசம்பரில் வந்தது. 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரை ஏறிற்று. விடியற்காலையில் குடையுடன் ஓடிப் பார்த்தோம். புடலைப் பந்தல் சாய்ந்து கிடந்தது. நடைபாதையில் கணுக்கால் அளவு ஜலம். ஆனால் பாத்திகள் தீவுகளைப் போல் நின்றன. மூன்றாம் நாள் வெயிலில் கத்தரிச் செடிகள் தலை நிமிர்ந்திருந்தன. அன்று பறித்த இரண்டு கிலோ கத்தரிக்காயில் ஒரு பங்கு மதிலைத் தாண்டிப் பாட்டியம்மாளிடம் போயிற்று.

லாபமா என்று கேட்பீர்கள். செங்கல், மண், எரு, கூலி எல்லாவற்றையும் எழுதினால் முதல் வருஷம் நஷ்டந்தான். வீட்டு எஜமானியின் கணக்குப் புத்தகம் அதற்குச் சாட்சி. இரண்டாம் வருஷத்திலிருந்து கீரை அநேகமாக வாங்குவதில்லை. வெண்டையும் கத்தரியும் பருவத்தில் போதும். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கடையே கதி. 160 சதுர அடி ஒரு குடும்பத்துக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆயினும் கணக்குப் புத்தகத்தில் ஏறாத ஒன்று உண்டு. 1946-ல் பஞ்சம் வரும்போலிருந்த காலத்தில், பூந்தோட்டங்களைக் கூட உணவுப் பயிருக்கு விட்டுவிட வேண்டும் என்று மகாத்மா காந்தி யோசனை கூறினார். யுத்த காலத்தில் அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் வீட்டுக் கொல்லைகளைக் காய்கறித் தோட்டமாக்கினார்கள். நமக்கும் அத்தகைய காலம் வராமலில்லை. 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டபோது, ஒரு கட்டுக் கீரைக்கு இந்தப் பெரிய நகரம் எவ்வளவு தூரம் பிறர் கையை எதிர்பார்த்திருக்கிறது என்பதைக் கண்டோம். மறு வருஷம் நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஊர் வளர வளர மண் சிமெண்டுக்குள் மறைகிறது. மறையாமல் மிச்சமிருக்கும் கொல்லை எவ்வளவு சிறிதானாலும் அது நம் பொறுப்பு.

அடுத்த ஆடி வருமுன், பங்குனியிலேயே ஒரே ஒரு பாத்தி கட்டிப் பாருங்கள். நான்கு வேண்டாம், ஒன்று போதும். கட்டுவதற்கு முன்னால் மதிலுக்கு அப்பால் அனுபவமுள்ளவர் யாரேனும் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நாம் அதைச் செய்திருந்தால் பதினெட்டுத் தக்காளிச் செடிகள் பிழைத்திருக்கும்.