மாட்டின் நரம்பில் உறங்கும் வைரஸ்

நோய் குணமாகிவிட்டால் நோய்க்கிருமியும் உடலை விட்டு நீங்கிவிட்டது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பல நோய்களில் இது உண்மை. ஆனால் ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் குடும்பத்திற்கு இது பொருந்தாது. சிறு வயதில் சின்னம்மை கண்டு குணமான ஒருவருக்கு, நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து அக்கி வருவதுண்டு. அக்கியை உண்டாக்குவது வெளியிலிருந்து புதிதாக வந்த கிருமியன்று. சின்னம்மையைத் தந்த அதே வைரஸ்தான் இத்தனை ஆண்டுகளும் உடலுக்குள் உறங்கிக் கிடந்து, பின் விழித்துக்கொள்கிறது.

மாடுகளுக்கும் இக்குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ் ஒன்று உண்டு. அதன் பெயர் மாட்டு ஹெர்ப்பிஸ் வைரஸ்-1. அது எங்கே உறங்குகிறது? எப்படி விழிக்கிறது? பார்ப்போம்.

சிவந்த மூக்கு

1950-களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், இறைச்சிக்காக ஏராளமான மாடுகளை ஒரே இடத்தில் அடைத்துக் கொழுக்க வைக்கும் பட்டிகளில் ஒரு நோய் பரவியது. மாடுகளுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. மூக்கு சிவந்து சளி ஒழுகியது. மூச்சுக் குழல் வீங்கியது. 'சிவப்பு மூக்கு' என்றே அதை அழைத்தார்கள். இன்று ஐ.பி.ஆர். என்பது அதன் சுருக்கப் பெயர். 1956-இல் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். கறவை மாடுகளில் இந்நோயால் பால் குறையும். சினை மாடுகளில் கரு கலைவதும் உண்டு. பெரும்பாலான மாடுகள் ஓரிரு வாரங்களில் தேறிவிடும். ஆனால் கதை அங்கே முடிவதில்லை.

நரம்பு வழிப் பயணம்

இந்த வைரஸ் மிகச் சிறியது. ஐயாயிரம் வைரஸ்களை வரிசையாக வைத்தால்தான் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அதற்குக் கால் இல்லை, நீந்த வால் இல்லை. மூக்கின் உட்தோலில் உள்ள செல்களில் பெருகியபின், அங்குள்ள நரம்பு நுனிகளுக்குள் அது நுழைகிறது. நரம்பிழைக்குள் தண்டவாளம் போன்ற நுண்குழல்கள் உள்ளன. அவற்றின் மீது சரக்குகளை இழுத்துச் செல்லும் புரத மூலக்கூறுகளும் உள்ளன. வைரஸ் அந்தச் சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு, மண்டையோட்டின் அடிப்பகுதியிலுள்ள முக்கிளை நரம்பின் முடிச்சுக்குப் போய்ச் சேருகிறது. இந்த முடிச்சில்தான் அந்த நரம்பின் செல்கள் கூட்டமாக இருக்கின்றன.

ஒளிவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தோல் செல்கள் அடிக்கடி உதிர்ந்து புதிதாகின்றன. நரம்புச் செல்களோ பிரிவதில்லை. மாட்டின் ஆயுள் முழுவதும் வாழக்கூடியவை.

மௌனமே பாதுகாப்பு

உடலின் காவற்படை ஒளிந்திருக்கும் வைரஸை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வைரஸ் புகுந்த செல், அங்கே தயாராகும் வைரஸ் புரதங்களின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். அதுதான் அடையாளம். நரம்புச் செல்லுக்குள் போன வைரஸ் தன் மேலுறைகளைக் களைந்துவிட்டு, வெறும் டி.என்.ஏ. வளையமாகச் செல்லின் உட்கருவில் தங்கிவிடுகிறது. அதன் ஏறத்தாழ 70 மரபணுக்களும் அநேகமாக ஓய்ந்துவிடுகின்றன. புரதம் இல்லை, ஆகவே அடையாளமும் இல்லை.

ஒரே ஒரு பகுதி மட்டும் ஓயாமல் வேலை செய்கிறது. அது மற்ற மரபணுக்கள் விழிக்காமல் அடக்குகிறது. நரம்புச் செல் மடிந்துபோகாமலும் காக்கிறது. வீடு இடிந்தால் குடியிருப்பவனுக்கு ஏது இடம்?

எழுப்புவது யார்?

வெகுதூரம் லாரியில் ஏற்றிச் செல்வது, கன்று ஈனுவது, நெரிசல், கடுங்குளிர் போன்றவை மாட்டின் உடலுக்கு நெருக்கடி தருபவை. அப்போது அதன் இரத்தத்தில் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன் மிகுகிறது. அது காவற்படையின் வேகத்தைக் குறைக்கிறது. அது மட்டுமன்று. ஹார்மோனை ஏற்கும் புரதம் உட்கருவுக்குள் சென்று வைரஸின் டி.என்.ஏ.விலேயே ஒட்டி, தூங்கும் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. பூட்டு வைரஸுடையது, சாவி மாட்டினுடையது!

சோதனைச்சாலையில் இதைக் காட்டலாம். கார்ட்டிசோலை ஒத்த டெக்சாமெதசோன் என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தினால், உறங்கும் வைரஸ் விழிக்கிறது. வந்த வழியே நரம்பில் திரும்பி, சில நாட்களில் மூக்குச் சளியில் வெளிப்படுகிறது. மாட்டிடம் பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் தெரிவதில்லை.

விழிக்கும் நேரத்தைக் கவனியுங்கள். கன்று ஈனும்போது, நோய் எதிர்ப்பில்லாத புது உயிர் அருகில் இருக்கிறது. லாரியில் செல்லும்போது, புதிய மந்தை காத்திருக்கிறது. வைரஸுக்கு அறிவில்லை; ஆனால் பரவ வாய்ப்புள்ள தருணத்தில் விழிக்கும் இனமே நிலைத்திருக்கிறது.

விரட்ட முடியுமா?

ஹெர்ப்பிஸ் வைரஸ்களுக்கு எதிரான மருந்துகள், வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது அதைத் தடுப்பவை. உறங்கும் வைரஸ் படியெடுப்பதில்லை. ஆகவே மருந்து அதைத் தொடுவதில்லை. தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கிறது. ஏற்கெனவே உறங்குவதை அகற்றுவதில்லை.

எஞ்சிய வழி, வைரஸைச் சுமக்கும் மாடுகளை அடையாளம் காண்பது. தடுப்பூசி போடாத வளர்ந்த மாட்டின் இரத்தத்தில் இவ்வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தால், அது வைரஸைச் சுமப்பதாகவே கொள்ள வேண்டும். ஆனால் தடுப்பூசியும் எதிர்ப்பொருளை உண்டாக்குமே! இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார்கள். ஒரு குறிப்பிட்ட புரதம் நீக்கப்பட்ட வைரஸைக் கொண்டு தடுப்பூசி செய்தார்கள். அந்தப் புரதத்திற்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால், அந்த மாட்டுக்கு வந்தது உண்மையான தொற்று.

இத்தகைய சோதனைகளைப் பல்லாண்டுகள் நடத்தி, நோய் சுமக்கும் மாடுகளை மந்தையிலிருந்து நீக்கியே ஜெர்மனி 2017-இல் இந்நோயிலிருந்து விடுபட்டது. டென்மார்க், ஆஸ்திரியா போன்ற நாடுகள் அதற்கு முன்பே விடுபட்டிருந்தன. விந்து வழியாகவும் இது பரவுமாதலால், இந்தியாவில் உறைவிந்து நிலையங்களின் காளைகளுக்கும் இச்சோதனை உண்டு.

குணமான மாடு வேறு. வைரஸ் இல்லாத மாடு வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்தால்தான் மந்தையைக் காக்க முடியும்.