யார் கம்பியில் யார் பேசுவது?

1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரே கடைக்காரரின் மேசைமீது இரண்டு தொலைபேசிகள் இருக்கும். ஏன் தெரியுமா? ஒன்று பெல் கம்பெனியுடையது; மற்றொன்று போட்டிக் கம்பெனியுடையது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பேச முடியாது!

கிரகாம் பெல்லின் காப்புரிமைகள் 1893, 1894ஆம் ஆண்டுகளில் முடிந்ததும் புதிய கம்பெனிகள் பல முளைத்தன. அவற்றைத் தன் கம்பிகளுடன் இணைக்கப் பெல் மறுத்தது. அதிகம் பேர் உள்ள வலையில் சேரத்தானே எவரும் விரும்புவார்? சிறிய கம்பெனிகள் பல பெல்லுக்கே விலைபோயின. 1913இல் அரசின் நெருக்குதலுக்குப் பணிந்து, தொலைதூரக் கம்பிகளில் மற்றவர்களும் இணையலாம் எனப் பெல் குழுமம் இசைந்தது. 1984இல் அக்குழுமம் பிரிக்கப்பட்டு, உள்ளூர்த் தொலைபேசிகள் ஏழு வட்டாரக் கம்பெனிகளிடம் சென்றன. ஆனால் தத்தம் வட்டாரத்தில் அவை வைத்ததே சட்டம்.

உள்ளூரில் போட்டி எழாததற்குக் காரணம் ஒரு ஜோடிச் செம்புக் கம்பி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தொலைபேசி நிலையம்வரை தனித்தனி ஜோடி சென்றது. புதிதாக வருபவர் முதல் சந்தாதாரரைப் பெறுமுன்பே தெருவெல்லாம் தோண்டியாக வேண்டும். யாரால் முடியும்?

எனவே 1996ஆம் ஆண்டுச் சட்டம், அந்த ஜோடியைப் போட்டியாளருக்கு வாடகைக்கு விடுமாறு பழைய கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. செய்முறை எளிதுதான். வீட்டுக் கம்பிகளெல்லாம் நிலையத்தில் ஒரு பெரிய சட்டத்தில் வந்து முடிகின்றன. அங்கிருந்து இணைப்புக் கருவிக்குச் செல்லும் சிறு கம்பியைக் கழற்றி, அதே கட்டடத்தில் போட்டியாளர் வைத்துள்ள கருவியில் மாட்டினால் போதும்.

இது நியாயமா? "நாங்கள் முதல் போட்டுப் புதைத்ததை எதிரிக்குக் கொடுப்பதா?" என்றனர் பழையவர்கள். "போட்டியே இல்லாத காலத்தில் சந்தாதாரர் கட்டிய பணமல்லவா அது?" என்றனர் புதியவர்கள். எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது. ஆனால் உண்மையான சண்டை வாடகையைப் பற்றியது.

ஒரு கற்பனைக் கணக்கு: அன்று 1000 டாலர் செலவில் போட்ட கம்பியை இன்று 600 டாலரில் போடலாம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை எதன்மேல்? நிலையங்கள் இப்போதுள்ள இடத்திலேயே இருக்க, இன்றைய சிக்கனமான கருவிகளால் புதிதாக அமைத்தால் என்ன செலவோ அதன்மேல் என்றது தகவல்தொடர்பு ஆணையம். (இல்லாத வலைக்குக் கணக்கு! வழக்கறிஞர்களுக்கு நல்ல வேலை.) 2002இல் உச்ச நீதிமன்றமும் இம்முறையை ஏற்றது.

வாடகை அதிகமானால் புதியவர் வரமாட்டார். மிகக் குறைந்தாலோ, அவர் சொந்தக் கம்பியே போடமாட்டார், பழையவரும், "புதிதாகப் போட்டு யாருக்குக் கொடுக்க?" என்று கையைக் கட்டிக்கொள்வார். இதை எண்ணியே 2003இல் ஆணையம், வீடுவரை புதிதாகச் செல்லும் ஒளியிழைகளைப் பகிர்வுக் கடமையிலிருந்து பெரும்பாலும் விடுவித்தது. தன் துணிவில் முதல் போட்டவருக்கு இது சரியே. ஆனால் ஒரு தெருவுக்கு ஒரே ஒளியிழைதான் என்றால், அங்கு வீடு மாறி வருபவருக்கு அது பழைய செம்புக் கம்பியிலிருந்து எந்த வகையில் வேறு?