ஷெல்: ஒரு சிப்பிக்குள் இத்தனை கதையா?

பெட்ரோல் பங்க்கில் மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சிடுகிற சிப்பியைத் தெரியும். அதன் பின்னால் இருக்கிற கதைகள் தெரியுமா? ஆச்சரியப்படவும் ஆத்திரப்படவும் ஏராளம் இருக்கிறது!

★ சிப்பி விற்ற குடும்பம்! 1833-ல் லண்டனில் மார்க்கஸ் சாமுவேல் நடத்திய கடையில் பழம்பொருட்களும் அலங்காரச் சிப்பிகளும்தான் சரக்கு. எண்ணெய் வியாபாரத்தில் இறங்கிய அவருடைய பிள்ளைகள் 1897-ல் ஆரம்பித்த கம்பெனிக்குச் சிப்பியின் பெயரையே வைத்தார்கள்!

★ சூயஸில் ஒரு சாதனை! அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் டின்களில் அடைபட்டு, மரப்பெட்டிகளில் கப்பல் ஏறும். 1892-ல் சாமுவேல்களின் 'மியூரெக்ஸ்' கப்பல் தன் தொட்டிகளில் ரஷ்ய மண்ணெண்ணெயை நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்தது. அந்த வழியே போன முதல் எண்ணெய் டேங்கர் அதுதான்! மியூரெக்ஸ் என்பதும் ஒரு கடல் சங்கின் பெயரே!

★ எதிரிக்கு எதிராகக் கூட்டணி! ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயிலைச் சமாளிக்க, சுமத்ராவில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ராயல் டச்சு கம்பெனியுடன் 1907-ல் ஷெல் கைகோத்தது. பங்கு 60-க்கு 40. பெரிய பங்கு டச்சுக்காரர்களுக்கு!

★ நம் தாத்தாக்களின் பர்மா ஷெல்! 1928-ல் உருவான பர்மா ஷெல்லை 1976-ல் இந்திய அரசு எடுத்துக்கொண்டது. இன்றைய பாரத் பெட்ரோலியம் அதுவேதான்!

★ தெரிந்தே இருந்தது! புவி சூடாகிறது, வெள்ளமும் பஞ்சமும் வரும் என்று 1991-லேயே எச்சரித்துப் படம் எடுத்தது யார்? சாட்சாத் ஷெல்லேதான்! ஆனாலும் எண்ணெய்த் தொழில் நிற்கவில்லை. 2030-க்குள் கார்பன் உமிழ்வை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2021-ல் ஹேக் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் மேல்முறையீட்டில் அந்த உத்தரவும் ரத்து!

★ காணாமல் போன 390 கோடி பீப்பாய்! நிலத்தடியில் உள்ள இருப்பைக் கூட்டிக் காட்டியதாக 2004-ல் ஷெல்லே ஒப்புக்கொண்டது. கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு பணால்! தலைவர் பிலிப் வாட்ஸ் பதவியை இழந்தார்.

★ ஒகோனி மண்ணின் கண்ணீர்! நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் 1956-ல் ஷெல் எண்ணெய் கண்டது. கசிவும், இரவு பகலாக எரிந்த வாயுவும் ஒகோனி மக்களின் வயலையும் ஓடையையும் பாழாக்கின. எழுத்தாளர் கென் சாரோ-விவா தலைமையில் 1993 ஜனவரியில் சுமார் 3 லட்சம் பேர் திரண்டார்கள், கையில் ஆயுதமே இல்லாமல்! ராணுவ அரசோ கொலைப்பழி சுமத்தி, 1995 நவம்பர் 10 அன்று அவரையும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. தனக்குப் பங்கில்லை என்ற ஷெல், குடும்பங்கள் தொடுத்த வழக்கில் 2009-ல் 1.55 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

★ போடோவின் அலையாத்திக் காடு! 2008-ல் ஷெல் குழாய் இரண்டு முறை உடைந்து, ஒகோனி நிலத்தில் உள்ள போடோ ஊரின் ஓடைகளில் எண்ணெய் புகுந்தது. மரங்களின் வேர்கள் கருகின. மீனும் நத்தையும் பிடித்துப் பிழைத்தவர்களுக்குப் பிழைப்பே போயிற்று. 2015-ல் ஷெல் கொடுத்த இழப்பீடு 5.5 கோடி பவுண்டு! ஒகோனி நிலம் முழுவதும் சுத்தமாக 25 முதல் 30 வருடம் ஆகலாம் என்கிறது ஐ.நா. ஆய்வு.

★ மன்னிப்பா, நியாயமா? தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் 2025 ஜூனில் நைஜீரிய அதிபர் மன்னிப்பு வழங்கினார். ஒகோனி ஆர்வலர்கள் கேட்பது மன்னிப்பை அல்ல. அந்த ஒன்பது பேரும் நிரபராதிகள் என்ற அறிவிப்பை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு? முதலில் அந்த அறிவிப்பு வரட்டும், கூடவே குடிக்க நல்ல தண்ணீரும் வரட்டும்!